மசகு கருகிய பாதை

கலிஃபோர்னியா மாகாணத்தில், ஸான்பிரான்ஸிஸ்கோ நகரத்திலிருந்து கோல்டன் கேட் பாலத்தைத் தாண்டி வடக்கே போனால் மாரின் என்னும் ஜில்லா வருகிறது. அந்த ஜில்லாவில் ஃபேர்ஃபாக்ஸ் என்ற சிற்றூருக்கு மேற்கே, பைன் மலையின் சரிவில், காட்டுத் தீ மூண்டால் தீயணைக்கும் வண்டிகள் ஏறிப் போவதற்கென்று வெட்டிவைத்த மண்பாதை ஒன்று இருக்கிறது. அதன் நீளம் 2.1 மைல், உச்சியிலிருந்து அடிவாரம் சேர்வதற்குள் அது இறங்கும் ஆழமோ 1,300 அடி. சர்க்கார் படத்தில் அதற்குக் காஸ்கேட் தீத்தடுப்புப் பாதை என்று பெயர் போட்டிருந்தாலும், சைக்கிளில் ஒரு நாளாவது மலையேறிய எவரும் அதை அப்படிச் சொல்லுவதில்லை. அவர்களுக்கு அது ‘ரீபாக்’. திரும்ப அடைத்தல் என்பது அந்த வார்த்தையின் அர்த்தம். எதைத் திரும்ப அடைப்பது என்று கேட்டால், சைக்கிளின் பின்சக்கரத்து ஹப்புக்குள் கிரீஸைத்தான். தெய்வத்தின் பெயரையும் ராஜாவின் பெயரையும் தாங்கிய மலைகளை நாம் எத்தனையோ பார்த்திருக்கிறோம். சைக்கிள் கடைக்காரர் செய்யும் ஒரு பழுதுவேலையின் பெயரைத் தாங்கி நிற்கும் மலைப்பாதை எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

அந்தப் பிரதேசத்தில் நெடிது உயர்ந்து நிற்பது டமால்பைஸ் மலை. உயரம் 2,571 அடி. டமால்பைஸ் என்ற சப்தத்தைக் கேட்டவுடனே நம்மவர்களில் சிலருக்குக் காது நிமிர்ந்துவிடும்; தமிழன் பசிபிக் சமுத்திரத்தைத் தாண்டிப் போய்க் கொடி நாட்டிய மலை அதுதான் என்று ஸ்தாபிக்கக் கை துறுதுறுக்கும். அந்த உத்ஸாகத்துக்கு இடமில்லை என்பதை வருத்தத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன். அங்கே ஆதியில் குடியிருந்த மீவோக் ஜனங்களின் பாஷையில் மேற்கு மலை என்பதே அதன் பொருள்.

நம் விருத்தாந்தத்துக்கு வேண்டியது அந்த மலைநாட்டின் சீதோஷ்ணம். மழையெல்லாம் குளிர்காலத்திலேயே கொட்டித் தீர்ந்துவிட, கோடை முழுவதும் தூறல்கூட விழாமல் புல்லும் புதரும் சருகாய்க் காய்ந்து கிடக்கும் தேசம் அது. 1912-ஆம் வருஷத்தில் குடிநீர் வழங்குவதற்கென்று பொது ஸ்தாபனம் ஒன்று ஏற்பட்டு, மலைச்சாரலில் பெரும்பாகத்தை நீர்ப்பிடிப்பு நிலமாகக் காப்பாற்றி வந்தபடியால், அங்கே வீடுகளும் கடைகளும் முளைக்கவில்லை. நெருப்புக்குப் பயந்து வெட்டிய பாதைகள் மட்டுமே முளைத்தன. இப்படியாக, ஒரு மாநகரத்துக்கு மிகவும் அருகிலேயே, மோட்டார் நுழையாத மண்பாதைகள் மைல் கணக்கில், யாருடைய விளையாட்டுக்கோ காத்திருப்பவை போல வெறுமனே கிடந்தன.

இனி சைக்கிளின் பூர்வோத்தரத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1933-ஆம் வருஷம் அமெரிக்காவில் பணமுடை தலைவிரித்தாடிய காலம். பெரியவர்கள் எல்லாரும் அதற்கு வெகுநாள் முன்பே மோட்டாருக்குப் போய்விட்டபடியால், சைக்கிள் என்பது சிறுவர்களின் சாமானாகச் சுருங்கிவிட்டிருந்தது. சிறுவர்களோ நடைபாதை விளிம்பு, பள்ளம், படிக்கட்டு என்ற பேதம் பாராமல் அதை மோதவிடுகிறவர்கள். அந்நாளில் வழக்கத்திலிருந்த மெல்லிய டயர்கள் அந்த உபத்திரவத்தைத் தாங்கவில்லை. இதைக் கவனித்த ஷிகாகோ நகரத்து ஷ்வின் கம்பெனியின் ஃபிராங்க் ஷ்வின், 26 அங்குலச் சக்கரத்தில் 2.125 அங்குலப் பருமனுள்ள ‘பலூன்’ டயரைப் பூட்டி ஒரு சைக்கிளை வெளியிட்டார். வியாபாரம் நிமிர்ந்தது. மற்றக் கம்பெனிகளும் பின்தொடர்ந்தன. அந்தக் கம்பெனி முன்னே எக்ஸெல்ஸியர் என்ற மோட்டார் சைக்கிளையும் செய்துகொண்டிருந்து 1931-இல் நிறுத்திவிட்டது. செத்துப்போன மோட்டார் சைக்கிளின் பெயரை உயிரோடிருந்த சைக்கிளுக்கு வைத்தார்கள். பெட்ரோல் இல்லாத பொய் டாங்கி, பெரிய மட்கார்டு, முகப்பு விளக்கு என்று மோட்டாரின் வேஷம் முழுவதும் போட்டுக்கொண்டு, சுமார் ஐம்பது ராத்தல் கனத்தோடு அது பத்திரிகை போடும் பையன்களின் கைக்குப் போயிற்று. நாற்பது வருஷங்களுக்குப் பிறகு மலையிலிருந்து உருட்டிவிடப் போகிறார்கள் என்று தெரிந்து செய்திருந்தால்கூட அதன் சட்டத்தை அவ்வளவு பொருத்தமாகச் செய்திருக்க முடியாது. முன்ஃபோர்க் நிமிர்ந்து நிற்காமல் நன்றாக முன்னே சாய்ந்திருந்தது. சக்கரங்களுக்கிடையே தூரம் அதிகம். இறக்கத்தில் ஹேண்டில்பார் பதறாது.

அதற்கு ஒரே ஒரு கியர். ஒரே ஒரு பிரேக். அந்தப் பிரேக்தான் நம் கதாநாயகன், அல்லது வில்லன்.

நம் ஊர்ச் சைக்கிளில் பெடலைப் பின்னுக்கு மிதித்தால் ஃபிரீவீல் கிர்ரென்று சுற்றுமே தவிர வேறொன்றும் நடக்காது. அமெரிக்கச் சிறுவனின் சைக்கிளிலோ, பின்னுக்கு மிதிப்பதே பிரேக்கைப் போடுவது. கம்பியும் கிடையாது, கைப்பிடியும் கிடையாது, ரிம்மைப் பிடிக்கும் ரப்பர்க் கட்டையும் கிடையாது. எல்லாச் சூட்சுமமும் பின்சக்கரத்து ஹப்பின் வயிற்றுக்குள்ளே அடங்கியிருக்கும். செயின் பல்சக்கரத்தோடு இணைந்த ஒரு திருகுமரை, முன்னுக்கு மிதிக்கும்போது ஒரு கோனைத் தன் பக்கம் இழுத்துச் சக்கரத்தோடு கவ்வ வைக்கிறது. பின்னுக்கு மிதித்தால் அதே கோன் எதிர்ப்பக்கம் தள்ளப்பட்டு, பிளந்த வளையம் போன்ற பிரேக் கட்டைக்குள் ஆப்பு மாதிரி நுழைந்து அதை விரிக்க, விரிந்த கட்டை ஹப்பின் உட்சுவரை அழுத்திச் சக்கரத்தை நிறுத்துகிறது. பிரேக் கட்டை சக்கரத்தோடு சேர்ந்து சுழன்றுவிடாதபடி, அச்சிலிருந்து ஓர் இரும்புக் கை நீண்டு சட்டத்தோடு திருகப்பட்டிருக்கும். நியூயார்க் மாகாணத்து எல்மைரா ஊரில் செய்த மாரோ ஹப்பும், கனெக்டிகட்டில் பிரிஸ்டல் ஊரில் செய்த நியூ டிபார்ச்சர் ஹப்பும் இந்த ஜாதியில் பிரசித்தி பெற்றவை. உலோகத்தின் மேல் உலோகம் உராய்கிற வேலையானபடியால், நடுவில் கிரீஸ் இல்லாவிட்டால் ஒன்றையொன்று கவ்விக் கிழித்துவிடும். தட்டையான தெருவில் பள்ளிக்கூடம் போய்வரும் பையனுக்கு அந்தக் கிரீஸ் வருஷக்கணக்கில் வரும்.

மலையில் வராது. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆளும் வண்டியுமாக நூறு கிலோ என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பாரம் 1,300 அடி, அதாவது ஏறக்குறைய 400 மீட்டர் இறங்கும்போது விடுகிற சக்தி முழுவதும் வெப்பமாக மாறினால், ஒரு லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். அதில் ஒரு பாகம் காற்றோடும் மண்ணோடும் போய்விடுகிறது என்றாலும், மிச்சமெல்லாம் ஒரு கைப்பிடிக்குள் அடங்கக்கூடிய ஹப்பின் தலையில்தான் விடிகிறது, அதுவும் ஐந்தாறு நிமிஷத்துக்குள். பாதி வழியிலேயே கிரீஸ் இளகி, கொதித்து, புகையாகக் கிளம்பிவிடும். அடிவாரத்தில் வந்து நிற்கிற வண்டியின் பின்னால் புகை எழும். ஹப்பில் எச்சிலைத் தொட்டு வைத்தால் சுரீரென்னும். உள்ளே மிஞ்சியிருப்பது கறுப்புக் கரி. மறுபடியும் மேலே போக வேண்டுமானால் அதைப் பிரித்துத் துடைத்துப் புதுக் கிரீஸ் அடைத்தே ஆக வேண்டும். பாதைக்குப் பெயர் வந்த காரணம் இவ்வளவுதான்.

நான் பிள்ளையாயிருந்தபோது எங்கள் தெருமுனைச் சைக்கிள் கடையில் ‘ஓவராயில்’ செய்வதை மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். கடைக்காரர் ஒரு பழைய தகரத் தட்டில் மண்ணெண்ணெயை ஊற்றி, ஹப்பைக் கழற்றி, கோனையும் பால்ஸையும் அதில் போட்டு, பல் தேய்க்கும் பிரஷால் உருட்டி உருட்டிக் கழுவுவார். ஒரு பால்ஸ் உருண்டு சாக்கடைக்குள் போய்விட்டால் அன்றைக்கு எடுபிடிப் பையனுக்கு அர்ச்சனைதான். பிறகு சுண்டுவிரலால் மஞ்சள் கிரீஸை வளையத்தில் அப்பி, பால்ஸை ஒவ்வொன்றாக அதில் ஒட்டவைத்து, கோனைத் திருகி, சக்கரத்தை ஒரு தட்டுத் தட்டிவிட்டு அது நிற்கும்வரை கண்கொட்டாமல் பார்ப்பார். வருஷத்துக்கு ஒரு தரம், பெரும்பாலும் ஆயுத பூஜைக்கு முன்னால் நடக்கிற வைபவம் அது. அதையே ஒவ்வோர் இறக்கத்துக்கும் ஒரு தரம் செய்வதென்றால், செய்கிறவனுக்கு அந்த இறக்கத்தின்மேல் எவ்வளவு பைத்தியம் இருந்திருக்க வேண்டும் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

பைத்தியம் பிடித்தவர்கள் யார் என்று பார்த்தால், 1970-களின் துவக்கத்தில் லார்க்ஸ்பர் என்ற ஊரைச் சேர்ந்த வாலிபக் கூட்டம் ஒன்றுதான் முதலில் வருகிறது. பழைய இரும்புக் கடைகளிலிருந்தும் வீட்டுக் கொல்லைகளிலிருந்தும் பலூன் டயர் சைக்கிள்களை அற்ப விலைக்கு வாங்கி, டாங்கியையும் மட்கார்டையும் கழற்றி எறிந்துவிட்டு, டமால்பைஸ் சரிவுகளில் கண்மண் தெரியாமல் இறங்கினார்கள். அவர்கள் எதையும் எழுதி வைக்கவில்லை; ஆகவே சரித்திரத்தில் அவர்களுக்கு ஒரு வரிதான். அவர்களுக்குப் பின் வந்தவர்களோ வேறு ரகம். டமால்பைஸ் சைக்கிள் கிளப் ஒன்றில் அங்கத்தினர்களாக இருந்து, மெல்லிய டயர் வைத்த பந்தயச் சைக்கிள்களில் தார் ரோட்டில் முறையாகப் பயின்ற சார்லி கெல்லி, காரி ஃபிஷர், ஜோ பிரீஸ், ஓடிஸ் கை முதலியவர்கள் அவர்கள். கெல்லி ஒரு பாட்டுக் கோஷ்டிக்குச் சாமான் தூக்கி மேடை அமைத்துக் கொடுத்து ஜீவனம் செய்தவர். பிரீஸோ சைக்கிள் சட்டம் பற்றவைக்கும் தொழிலைக் கற்றவர். 1973-இல் அவர் 5 டாலர் கொடுத்து வாங்கிய 1941-ஆம் வருஷத்துப் பழைய ஷ்வின்தான் அவரை இந்த வழிக்கு இழுத்தது. இந்த வண்டிகளுக்கு அவர்கள் வைத்த செல்லப் பெயர் ‘கிளங்கர்’. நம் பாஷையில் லொடலொட வண்டி என்றால் சரியாக இருக்கும்.

யார் முதலில் இறங்குவது என்ற வாய்ச்சண்டை முற்றி, அதைக் கடிகாரம் வைத்துத் தீர்த்துவிடுவது என்று முடிவாயிற்று. 1976-ஆம் வருஷம் அக்டோபர் 21-ஆம் தேதி ரீபாக்கில் முதல் பந்தயம் நடந்தது. கூட்டமாக ஓட்டினால் பாதையின் அகலம் போதாது. ஆகவே ஒவ்வொருவரையும் இரண்டிரண்டு நிமிஷ இடைவெளியில் தனித்தனியே விட்டார்கள். மேலே ஒரு கடிகாரம், கீழே ஒரு கடிகாரம். இரண்டையும் முன்கூட்டியே ஒன்றாக முடுக்கிக் கணக்குச் சரிபார்த்தார்கள். ஒன்று கடற்படைக் கால அளவி. மற்றொன்று வீட்டில் தூக்கத்திலிருந்து எழுப்புகிற அலாரம் கடிகாரம். உலகமெங்கும் இன்று கோடிக்கணக்கான பணம் புரளும் ஒரு விளையாட்டின் ஜனன ஜாதகத்தைக் கணித்தது அந்த அலாரம் கடிகாரம்தான். முதல் பந்தயத்தில் ஜெயித்தவர் ஆலன் பாண்ட்ஸ். அவர் ஜெயித்ததற்குச் சொல்லப்படும் காரணம் வெகு எளிது: வழியில் விழாமல் வந்து சேர்ந்தவர் அவர் ஒருவரே.

விழாமலிருப்பது ஏன் அவ்வளவு கஷ்டம்? அந்தப் பாதை சராசரியாக எட்டரை அடிக்கு ஓர் அடி வீதம் சரிகிறது. சில இடங்களில் ஐந்தடிக்கு ஓர் அடி. மழைத் தண்ணீர் அறுத்த வாய்க்கால்களும், உருளும் சரளைக் கற்களும், முன்னால் என்ன இருக்கிறதென்று தெரியாத கொண்டைத் திருப்பங்களும் நிறைந்தது. திருப்பங்களுக்கெல்லாம் பெயர் உண்டு. போட்டோ பிடிக்கிறவர்கள் கூடுகிற திருப்பத்துக்குக் காமிரா மூலை என்று பெயர். கற்கள் துருத்திய இன்னொரு செங்குத்து இடத்துக்கு, அங்கே விழுந்து முகத்தைப் பெயர்த்துக்கொண்ட வெண்டெட்டி என்பவரின் ஞாபகமாக, வெண்டெட்டி முகம் என்றே பெயர் வழங்குகிறது. இறக்கத்தில் வண்டியின் பாரமெல்லாம் முன்சக்கரத்துக்குப் போய்விடுகிறது, பின்சக்கரமோ லேசாகிவிடுகிறது. இருக்கிற ஒரே பிரேக் அந்த லேசான பின்சக்கரத்தில் இருப்பதால், அழுத்தி மிதித்த மாத்திரத்தில் அது உருளுவதை விட்டுச் சறுக்க ஆரம்பித்துவிடும். அதுவும், பெடல்கள் எந்த நிலையில் இருக்கின்றனவோ அந்த நிலையிலிருந்துதான் பின்னுக்கு மிதித்தாக வேண்டும். காலை மாற்றிச் சௌகரியப்படுத்திக்கொள்ள அவகாசம் கிடையாது. கைப்பிரேக்காரனுக்கு இந்த அவஸ்தை இல்லை. ஆகவே கிளங்கர் ஓட்டிகள் சறுக்கலையே ஒரு வித்தையாக்கிக்கொண்டார்கள். திருப்பம் வருவதற்கு முன்னதாகவே பின்சக்கரத்தைப் பூட்டி, உட்பக்கத்துக் காலை நிலத்தை நோக்கி நீட்டி, வண்டியின் வாலை வெளிப்புறமாக வீசி, மூக்கு சரியான திக்கைப் பார்த்ததும் பிரேக்கை விட்டுவிடுவது. சேணமில்லாத குதிரையைத் தொடையால் திருப்புகிற வித்தைக்குச் சமானமானது அது.

கியர் இல்லாததைப் பற்றி அவர்கள் ஏன் குறைப்பட்டுக்கொள்ளவில்லை என்பதும் இங்கேதான் விளங்குகிறது. இந்தக் காலத்து ஒற்றைக் கியர் மலைச் சைக்கிளில் சாதாரணமாகக் காணும் அமைப்பை எடுத்துக்கொள்வோம்: முன்னே 32 பல், பின்னே 16 பல். பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் சக்கரம் இரண்டு சுற்று. வண்டி சுமார் 4 மீட்டர் போகும். மணிக்கு 29 மைல் வேகத்தில் இறங்கும்போது பெடலும் ஈடுகொடுக்க வேண்டுமானால் நிமிஷத்துக்கு 180 சுற்றுக்கு மேல் மிதித்தாக வேண்டும். மனிதக் கால் அதற்கு ஏற்பட்டதல்ல. எனவே கால்களை அசையாமல் வைத்துக்கொண்டு, பிருஷ்டத்தைப் பின்னுக்குத் தள்ளி, முழங்காலையும் முழங்கையையும் வில்லாக வளைத்துப் பெடலின்மேல் நின்றுகொண்டே இறங்க வேண்டியதுதான். மிதிக்காதவனுக்கு ஒரு கியர் இருந்தாலென்ன, இருபது இருந்தாலென்ன? இந்த விளையாட்டின் சரித்திரம் எழுதுகிறவர்களில் பலர் கியர் வந்ததைப் பெரிய யுகப்புரட்சியாக வர்ணிக்கிறார்கள். என் அபிப்பிராயம் வேறு. கியர் ஏற்றத்தின் தேவை. இறக்கத்தின் சரித்திரத்தைப் பிரேக்கின் சரித்திரமாகவே படிக்க வேண்டும்.

கியர் வந்த விதத்தைப் பார்த்தாலும் இதுவே புலப்படுகிறது. ஐம்பது ராத்தல் வண்டியை ஒற்றைக் கியரில் மலைமேல் மிதித்து ஏற்ற முடியாது. தோளால் தள்ளிக்கொண்டு போக வேண்டும், அல்லது யாராவது லாரி வைத்திருக்கிற சிநேகிதனைப் பிடிக்க வேண்டும். 1974-ஆம் வருஷம் டிசம்பர் 1-ஆம் தேதி மாரின் ஜில்லாவில் நடந்த வேறொரு சைக்கிள் பந்தயத்துக்கு, தெற்கே குபர்டினோ ஊரிலிருந்து சிலர் பலூன் டயர் வண்டிகளோடு வந்தார்கள். அவற்றில் பல கியர்களும், கட்டைவிரலால் தள்ளும் கியர் மாற்றியும், டிரம் பிரேக்கும் பூட்டியிருந்தன. உள்ளூர்க்காரர்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். வந்தவர்கள் வந்த வழியே போய்விட்டார்கள்; அவர்கள் விட்டுப்போன யோசனை தங்கிவிட்டது. ஃபிஷர் தம் பழைய ஷ்வின்னுக்குக் கியரும் டிரம் பிரேக்கும் போட்டார். வேடிக்கை என்னவென்றால், ஒற்றைக் கியர் ஹப்பின் ராஜ்யத்தைக் கவிழ்த்த அந்தக் குபர்டினோ கோஷ்டி தனக்கு வைத்துக்கொண்டிருந்த பெயர் மாரோ டர்ட் கிளப். அதாவது அந்த மாரோ ஹப்பின் பெயரேதான்.

இதே காலத்தில் கொலராடோ மாகாணத்திலும் ஒரு சம்பவம் நடந்தது. கிரெஸ்டட் ப்யூட் என்ற பழைய சுரங்க ஊர்க்காரர்கள், ஆஸ்பென் ஊரிலிருந்து மோட்டார் சைக்கிளில் கணவாயைத் தாண்டி வந்து பெருமையடித்துக்கொண்டவர்களுக்குப் பதில் சொல்லுவதாக, 1976 செப்டம்பரில் தங்கள் கடைத்தெருச் சைக்கிள்களையே ஓட்டியும் தள்ளியும் 12,700 அடி உயரமுள்ள பெர்ல் கணவாயைக் கடந்து ஆஸ்பெனில் போய் இறங்கினார்கள். அநேகமாக எல்லாம் ஒற்றைக் கியர் வண்டிகள். ஒருவரையொருவர் அறியாமலே இரண்டு இடத்தில் ஒரே பைத்தியம் உதித்திருக்கிறது. 1978-இல் மாரின்காரர்கள் அங்கே போய்ச் சேர்ந்துகொண்ட பிறகு இரண்டு ஓடைகளும் ஒன்றாயின. இதற்கெல்லாம் வெகு முன்னதாக, 1897-இலேயே, அமெரிக்கச் சேனையின் 25-ஆவது காலாட்படையைச் சேர்ந்த கறுப்புச் சிப்பாய்கள் மான்டானாவிலிருந்து ஸெயின்ட் லூயி வரை 1,900 மைல் ஒற்றைக் கியர் சைக்கிளில் மலையும் சேறும் தாண்டிப் போயிருக்கிறார்கள். அது உத்தரவின்பேரில் செய்த பிரயாணம். விளையாட்டு என்ற பெயருக்கு உரியது ரீபாக்கில் நடந்ததுதான்.

ரீபாக் பந்தயம் 1976-க்கும் 1984-க்கும் நடுவே மொத்தம் 24 தடவை நடந்தது. அவற்றில் பெரும்பாலானவை முதல் மூன்று வருஷத்துக்குள்ளேயே நடந்துவிட்டன. பத்துத் தடவை ஜெயித்தவர் ஜோ பிரீஸ். அவருடைய சிறந்த கணக்கு 4 நிமிஷம் 24 விநாடி. அதைவிட இரண்டு விநாடி குறைத்து, 4 நிமிஷம் 22 விநாடியில் இறங்கினவர் ஃபிஷர். வெண்டி கிராக் என்ற அம்மையாரும் அங்கே இறங்கினார். அத்தோடு நில்லாமல் காமிராவும் கையுமாக நின்று அவர் பிடித்த படங்களினால்தான் நமக்கு இந்தக் காட்சிகளெல்லாம் கிடைத்திருக்கின்றன. புழுதி மேகத்துக்கு நடுவில் நீலக் கால்சட்டையும் கனத்த பூட்ஸுமாக, ஒரு கால் தரையை உரச, ஹேண்டில்பாரை மாட்டுக்கொம்பைப் பிடிப்பது போலப் பிடித்துக்கொண்டு திருப்பத்தில் சாய்கிற வாலிபர்கள்.

பழைய எக்ஸெல்ஸியர் சட்டங்கள் வளைந்தும் ஒடிந்தும் போய்க்கொண்டிருந்தன. ஊரில் கிடைத்ததெல்லாம் தீர்ந்துபோயிற்று. 1977-இல் பிரீஸ் அதன் கோணங்களையும் நீளங்களையும் அளந்து எடுத்துக்கொண்டு, உயர்ந்த எஃகுக் குழாயில் புதிதாகவே ஒரு சைக்கிளைச் செய்தார். ரிம்மைக் கவ்வும் பிரேக் போட்டார். மறு வருஷத்துக்குள் அந்த மாதிரி பத்து வண்டிகள் தயாராயின. முதலாவது வண்டி இன்று வாஷிங்டனில் ஸ்மித்ஸோனியன் காட்சிசாலையில் இருக்கிறது. 1979-இல் டாம் ரிச்சி செய்த சட்டங்களை விற்பதற்கென்று ஃபிஷரும் கெல்லியும் மவுண்டன்பைக்ஸ் என்ற கடை போட்டார்கள். அந்தப் பெயரே பிற்பாடு ஜாதிப் பெயராகிவிட்டது. 1981-இல் ஸ்பெஷலைஸ்ட் கம்பெனியின் ஸ்டம்ப்ஜம்பர், தொழிற்சாலையில் ஏராளமாய்ச் செய்யப்பட்டு வெளிவந்தது. அதற்குப் பிறகு நடந்தது வியாபார சரித்திரம். அதை வேறு யாராவது எழுதட்டும். 1990-இல் கொலராடோவில் டுராங்கோ ஊரில் முதல் உலகப் பந்தயம் நடந்தபோது இறக்கப் பந்தயத்தில் ஜெயித்தவர் கிரெக் ஹெர்போல்ட் என்பதை மட்டும் சொல்லிவிடலாம். பின்னுக்கு மிதிக்கிற பிரேக்குக்கு அந்த அரங்கத்தில் இடமேது?

ஆயினும் ஒற்றைக் கியர் மடியவில்லை. 1990-களில், சைக்கிளில் கியர்கள் இருபதைத் தாண்டிக்கொண்டிருந்த சமயத்தில், சிலர் வேண்டுமென்றே அவற்றைக் கழற்றிவிட்டு ஒன்றோடு நிறுத்திக்கொண்டார்கள். இது வெறும் வீம்பு என்று முதலில் நினைத்தவர்களில் நானும் ஒருவன். காரணம் கேட்டால் அவர்கள் காட்டுவது பின்சக்கரத்தைத்தான். கியர் மாற்றும் இயந்திரம் நிலத்துக்கு ஒரு சாண் உயரத்தில் வெளியே தொங்குகிறது. இறக்கத்தில் ஒரு கல் பட்டால் வளைகிறது, சேறு புகுந்தால் அடம்பிடிக்கிறது. செயின் தளர்ந்து சட்டத்தைச் சாட்டையாய் அடிக்கிறது. ஒற்றைக் கியரில் செயின் இழுத்துக் கட்டிய வீணைத் தந்தி மாதிரி நிற்கும், சப்தமே கிடையாது. டயர் மண்ணைக் கடிக்கும் ஓசை மட்டும் காதில் விழும். அதைக் கொண்டே நிலம் கெட்டியா பொடியா என்று தெரிந்துகொள்ளலாம். இவர்களுக்கென்று உலகப் பந்தயமும் உண்டு. ஜெயித்தவருக்குப் பரிசு, உடம்பில் அழியாதபடி குத்திவிடுகிற பச்சை. பச்சை குத்திக்கொள்ளச் சம்மதமில்லாதவர் ஜெயிக்கக் கூடாது என்பது சம்பிரதாயம்.

ஆனால் இவர்களும் பிரேக்கை மட்டும் பழைய காலத்துக்குக் கொண்டுபோகவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஒற்றைக் கியர் வண்டியின் இரண்டு சக்கரத்திலும் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் தட்டுப் பிரேக் இருக்கிறது. அதன் தட்டு காற்றில் வெளியே சுழலுவதால் சூடு உடனே ஆறிவிடுகிறது. மாரோ ஹப்பில் சூட்டுக்கு வெளியேற வழியில்லை. அதுதான் அதன் தலைவிதி. கிளங்கர் ஓட்டிகள் கைவிட்ட ஒன்றை இவர்கள் திரும்ப எடுத்துக்கொண்டார்கள், மற்றொன்றைத் தொடவில்லை. இறக்கத்துக்கு எது வேண்டும், எது வேண்டாம் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சியம் எனக்குத் தெரியவில்லை.

ஃபேர்ஃபாக்ஸ் ஊரில் இப்போது ஒரு சைக்கிள் காட்சிசாலை இருக்கிறது. கிரெஸ்டட் ப்யூட்டில் 1988-இல் துவங்கிய மலைச் சைக்கிள் கீர்த்தி மண்டபமும் பிற்காலத்தில் அங்கேயே குடிவந்துவிட்டது. பாதையும் அப்படியே இருக்கிறது. ஆனால் சைக்கிள்காரர்கள் பெருகியபோது, நடந்து போகிறவர்களும் குதிரையில் போகிறவர்களும் முறையிட, 1980-களில் அந்த மலைகளில் கட்டுப்பாடுகள் வந்தன. ஒற்றையடித் தடங்களில் பெரும்பாலானவை சைக்கிளுக்கு அடைபட்டன. தீத்தடுப்புப் பாதைகளில் மணிக்கு 15 மைலுக்கு மேல் போகக் கூடாது, வளைவுகளில் 5 மைல்தான் என்று விதி ஏற்பட்டது. வேகத்தை அளக்கும் ரேடார் கருவியோடு காவலர்கள் புதர் மறைவில் நின்றதும் உண்டு. ஃபிஷரின் 4 நிமிஷம் 22 விநாடி என்பது சராசரி மணிக்கு 29 மைல் வேகம். அந்தக் கணக்கு இன்றும் பந்தயப் பதிவில் முதல் வரியாக நிற்கிறது. விதியை மதித்து நேராக 15 மைல் வேகத்தில் இறங்கினால்கூட ரீபாக்கின் அடிவாரம் சேர 8 நிமிஷம் 24 விநாடி ஆகும்.